மதுரைக்குப் பதினேழு மணி நேரம்

டொராண்டோவிலிருந்து மதுரைக்குப் பதிமூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினேழு மணி. இணையத்தில் எவனோ இப்படி ஒரு பக்கம் செய்து வைத்திருக்கிறான். ஒரு கட்டத்தில் ஒரு விமான நிலையத்தின் பெயரையும் இன்னொரு கட்டத்தில் இன்னொன்றின் பெயரையும் அடித்தால், உலகப் படத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு விழும். கோட்டுக்குக் கீழே தூரமும் நேரமும் வரும். டொராண்டோவிலிருந்து மதுரைக்கு நேராக விமானமே கிடையாது. என் ஆயுளுக்குள் வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அந்தப் பக்கத்துக்கு அதைப் பற்றி என்ன கவலை? கிலோமீட்டரை வேகத்தால் வகுத்து, வந்த விடையைப் போட்டுவிட்டு அது பாட்டுக்கு இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் உதவாமல் போனதோடு விடவில்லை. என் அம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

'அதுவும்' என்று எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. மற்ற காரணம் எது என்று சொல்லித் தொலைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அச்சு மெஷின்காரன். திருத்தங்கலில் பத்து வருஷம் ஆஃப்செட் மெஷின் ஓட்டினேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், அது இல்லாத மாதங்களில் காலண்டர். அதன் பிறகு கனடாவில் மாத்திரைப் பெட்டிக்கு அட்டை அடிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனேன். டொராண்டோ என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, அங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி இருக்கிறது நான் இருக்கும் ஊர்.

அம்மா சிவகாசி பக்கத்தில் நாரணாபுரத்தில் சரம் பின்னினாள். ஒவ்வொரு வெடியாக எடுத்து, திரியைத் திரியோடு கோத்து, சரவெடியாகக் கட்டும் வேலை. பக்கத்தில் நின்று பார்த்தால் அவள் விரல் தெரியாது, வெடிகள் தாமாகவே ஏறிக்கொள்வது போல இருக்கும். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். என்னையும் தங்கச்சியையும் வளர்த்தது அந்த விரல்கள்தான். முப்பது வருஷம் வெடிமருந்துத் தூசியை மூச்சில் வாங்கினால் நெஞ்சு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள டாக்டர் வேண்டாம். கடைசி இரண்டு வருஷம் இருமலோடுதான் இருந்தாள். "சீசன் முடியட்டும்டா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்பாள் போனில். சீசன் முடிவதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிடும். நானும் ஒவ்வொரு தடவையும் "சரிம்மா" என்றேன்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், சிவகாசியில் லாரி பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கிறார். பட்டாசு லோடு ஏற்றி வடக்கே அனுப்புவது அவர் பொறுப்பு. எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் இத்தனை கிலோமீட்டர், இத்தனை நாள், இன்ன நேரத்துக்கு லோடு இறங்கும் என்று சொல்லிவிடுவார். சொன்னபடி இறங்கும். அந்தப் பெருமையில்தான் மனுஷன் முப்பது வருஷமாக நடமாடுகிறார். ஒரு லோடு சிவகாசியில் ஏறினால் போய்ச் சேரும் இடத்தில்தான் இறங்கும், நடுவில் இறங்கி வேறு லாரிக்காக அஞ்சு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்காது. இது அவருடைய உலகம். பிளேனையும் அதே உலகத்தில் வைத்துப் பார்த்துவிட்டார்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா இறந்தாள். எனக்கு அங்கே அது வியாழக்கிழமை காலை. மெஷினை அப்போதுதான் ஓட விட்டிருந்தேன். மாமாதான் கூப்பிட்டார். "அக்கா போயிருச்சு மாப்ளே" என்றார். மெஷினை நிறுத்தினேன். பாதி அடித்த அட்டைகள் அப்படியே நின்றன. சூப்பர்வைசர் ஓடி வந்து, வேறு ஆள் வரும் வரை ஒரு மணி நேரம் மட்டும் பார்க்க முடியுமா என்று கேட்டான். அவனை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது, தமிழில்தான் சொன்னேன்.

அன்று இரவு பத்து மணி விமானத்தில்தான் இடம் கிடைத்தது. டொராண்டோவிலிருந்து துபாய், துபாயிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மதுரை. சனிக்கிழமை பகலில்தான் வீட்டுக்குப் போய்ச் சேர முடியும். டிக்கெட்டைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது, தூரத்தினால் அல்ல, கிழமையினால்.

சனிப்பிணம் தனிப்போகாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சனிக்கிழமை எடுத்தால் பிணம் துணைக்கு இன்னொரு உயிரைக் கூட்டிக்கொண்டு போகுமாம். வேறு வழியே இல்லாமல் எடுக்க வேண்டி வந்தால், பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அதைத் துணையாக அனுப்பிவிடுவார்கள். இதற்குப் பயந்தே பாதிப் பேர் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். அதிலும் அது சீசன். ஒரு ஆள் வேலைக்கு வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் நாலு பேர் கை நின்றுவிடும். எத்தனை நாள் வந்து உட்காருவார்கள்?

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. "கெளம்பிட்டேன்" என்றால் குளிக்கப் போகிறான் என்று அர்த்தம். "பஸ் ஏறிட்டேன்" என்றால் செருப்பைத் தேடுகிறான். "திருத்தங்கல் தாண்டிட்டேன்" என்றால் இப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறான். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. கேட்கிறவர் அதற்கு மேல் அரை மணி நேரம் கூட்டிக்கொள்வார், அவ்வளவுதான். பத்து வருஷம் கனடாவில் இருந்தும், பனியில் நடக்கக் கற்றுக்கொண்டும், அந்தப் பழக்கம் மட்டும் என் வாயை விட்டுப் போகவில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில், நடுப்பகலில் மாமாவின் போன் வந்தது. ஊரில் அப்போது ராத்திரி ஒன்பதரை. பின்னால் கூட்டமாகப் பேச்சு கேட்டது.

"மாப்ளே, எங்கன இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன் மாமா."

"ஏறிட்டியா, ஏறலையா? அதைச் சொல்லு. இங்கன நாளைக்குக் காலையிலயே எடுக்கணும்னு நிக்கிறாக. நீ ஏறிட்டேன்னு சொன்னா நான் பேசி நிப்பாட்டிருவேன்."

பஸ்ஸின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் "நெக்ஸ்ட் ஸ்டாப்" என்று ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் போனைக் கையால் பொத்தினேன். சனிக்கிழமை என்ற வார்த்தை என் வாயில் வரக்கூடாது, வந்தால் காலையிலேயே எடுத்துவிடுவார்கள். ஏறிவிட்டான் என்றால் வந்து சேரும் வரை எப்படியும் வைத்திருப்பார்கள். இப்படித்தான் என் புத்தி ஓடியது.

"ஏறிட்டேன் மாமா. பிளேன்ல ஏறிட்டேன்."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"போனை அமத்தச் சொல்றாக மாமா. வச்சிருதேன்."

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பத்து மணி நேரம் நான் தரையில்தான் இருந்தேன். மூன்று மணிக்கு விமான நிலையத்துக்குள் போய், கண்ணாடிச் சுவர் பக்கமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து ஒரே ஒரு வரி மெசேஜ் போட்டிருக்கலாம். சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு வருவேன், அதுவரைக்கும் வையுங்கள் என்று. போடவில்லை. பிளேனில் ஏறிவிட்டேன் என்று சொன்னவன் எந்த முகத்தோடு மெசேஜ் போடுவான்? இரண்டு தடவை போனை எடுத்தேன், இரண்டு தடவையும் உள்ளே வைத்தேன். மூன்றாவது தடவை அணைத்தே போட்டுவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனை இன்றைக்குப் பார்த்தால் செவிட்டில் அறைவேன்.

நான் போனை வைத்ததுமே ஊரில் மாமா தன் போனில் அந்தப் பாழாய்ப்போன பக்கத்தைத் திறந்திருக்கிறார். இரண்டு ஊர்ப் பெயரையும் அடித்திருக்கிறார். பதினேழு மணி நேரம் வந்திருக்கிறது. ராத்திரி ஒன்பதரையோடு பதினேழைக் கூட்டினால் மறுநாள் பிற்பகல் இரண்டரைக்கு மதுரை. அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாப்ளே வாசல்ல நிப்பான்" என்று கூட்டத்தில் சொல்லி, காலையில் எடுக்க இருந்தவர்களை நிறுத்திவிட்டார்.

விமானத்தில் எனக்கு முன்னால் இருந்த திரையிலும் ஒரு படம், ஒரு கோடு. போய்ச் சேரும் இடத்துக்கு இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி என்று குறைந்துகொண்டே வந்தது. அதற்குத் துபாய்தான் போய்ச் சேரும் இடம். நாரணாபுரம் என்று ஒரு இடம் இருப்பது அதற்குத் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் உலகம் ரொம்பச் சுருங்கிவிட்டது என்றார். ஊர் நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று பிறகு கணக்குப் பார்த்தேன். துருக்கிக்கு மேலே இருந்திருக்கிறேன். தட்டில் வைத்த ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

துபாயில் இறங்கி போனைத் திறந்தேன். சொந்தக்காரர்கள் குரூப்பில் வீடியோக்கள் வரிசையாக வந்து விழுந்தன. முதல் வீடியோவில் கொட்டுக்காரர்கள். இரண்டாவதில் பாடை தெருவைத் தாண்டிப் போகிறது. அம்மாவின் முகம் இருக்கும் இடத்தில் மாலை. ஒரு வினாடி நெற்றி தெரிகிறது, உடனே படம் பிடித்தவன் கேமராவைத் திருப்பி, முன்னால் வெடிக்கும் சரவெடியைக் காட்டுகிறான். அடுத்த வீடியோவிலும் வெடிதான், அதற்கு அடுத்ததிலும் வெடிதான். எங்கள் ஊர்ச் சாவுக்கு வேட்டுக்கா பஞ்சம்? அம்மா கையால் பின்னிய சரமாகக்கூட இருக்கலாம். என் அம்மா முகத்தை விட அந்தச் சரம்தான் எடுத்தவன் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. கடைசி வீடியோவில் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். நான் செய்ய வேண்டியது.

அடுத்த விமானத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. என்னைச் சுற்றிலும் ஜனங்கள் சாக்லேட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பதினேழு மணி நேரம் என்று மாமா குரூப்பில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். ஆள் கிடைத்துவிட்டது என்று பட்டது. துபாயிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து விருதுநகர் வழியாக ஊர் வரை, வழி முழுக்க மாமாவைத் திட்டுவதற்கு வார்த்தை கோத்துக்கொண்டே வந்தேன்.

நான் 'ஏறிட்டேன்' என்று சொன்னதிலிருந்து வாசலில் கால் வைத்தது வரை முப்பத்தெட்டு மணி நேரம். பந்தல் இருந்தது, நாற்காலிகள் இருந்தன. வாடகைக்கு எடுத்த குளிர்பெட்டி இன்னும் திருப்பி அனுப்பாமல் மூலையில் காலியாகக் கிடந்தது. மாமா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"பதினேழு மணி நேரம்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

போனை எடுத்துக் காட்டினார். "இதுல போட்டிருக்கு மாப்ளே."

"இதுல போட்டிருந்தா? லோடு அனுப்புற மாதிரின்னு நெனச்சீகளா? எங்க அம்மா முகத்தைப் பார்க்க விடாமப் பண்ணிட்டீகளே. இந்தப் பெட்டி இருக்குல்ல, இன்னும் ஒரு நாள் வைக்க முடியாதா? ஒங்க கணக்கைக் கொண்டுபோய் லாரி ஆபீஸ்ல வைங்க. இனிமே என் மூஞ்சியில முழிக்காதீக."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபது வயதாகப் போகிற மனுஷன். பஸ்ஸிலிருந்து பேசிய பொய் என் தொண்டையிலேயே இருந்தது, திட்டும்போதே அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எல்லாரும் என் பக்கம் திரும்பி, நீ எப்போது ஏறினாய் என்று கேட்பார்கள். அதனால் குரலை இன்னும் உயர்த்தினேன்.

மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கணக்குத் தப்பிப் போச்சு மாப்ளே."

அன்று பிற்பகல் சுடுகாட்டுக்குப் போய்ப் பால் ஊற்றினோம். எனக்காக அதை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் பார்த்த அம்மா ஒரு கை சாம்பல்தான். அதில் இன்னும் சூடு இருந்தது. மாமா பால் செம்பைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் நாலடி தள்ளியே வந்தார். செம்பை என் கையில் நேராகத் தராமல் தங்கச்சியிடம் தந்தார்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள், அடுக்களையில் தங்கச்சி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் சரம்தான் பின்னுகிறாள், அம்மா மாதிரியே விரலைப் பார்க்காமல் வேலை செய்வாள். என்னையும் பார்க்காமலே பேசினாள்.

"மாமாவ நீ அம்புட்டுப் பேசியிருக்கக் கூடாதுண்ணே. நீ பிளேன்ல இல்லைன்னு அவுகளுக்கு அப்பவே தெரியும்."

நான் முறத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தேன்.

"நீ பேசையில பின்னால யாரோ நெக்ஸ்ட் ஸ்டாப்புன்னு சொன்னது கேட்டுச்சாம். 'பிளேன்ல ஏதுத்தா அடுத்த ஸ்டாப்பு, பய பஸ்ல இருக்கான்'னு எங்கிட்ட மட்டும் சொன்னாக. 'நம்ம ஆளுக ஏறிட்டேன்னா ரெண்டு மணி நேரம் கூட்டிக்கிறணும், வெளிய சொல்லாத, சொன்னா காலையிலயே எடுத்துருவாக'ன்னாக. எல்லார்கிட்டயும் நாலு மணின்னு சொல்லிட்டு, ஆறு மணி வரைக்கும் இழுத்தாக."

அவர் இழுத்த விதத்தையும் அவளே சொன்னாள். நான் வந்ததும் காத்திருக்க வைக்கக் கூடாது என்று மூன்றரைக்கே நீர்மாலை எடுத்துவிட்டார்கள். நீர்மாலை என்பது கொட்டோடு போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து இறந்தவரைக் குளிப்பாட்டுவது. குளிப்பாட்டிய பிறகு உடம்பைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். நாலரைக்கு மாமா கொட்டுக்காரர்களை டீ குடிக்க அனுப்பியிருக்கிறார். ஐந்து மணிக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கோடிச் சேலையின் நிறம் சரியில்லை என்று சொல்லி, வேறு சேலை வாங்க சிவகாசிக்கு ஆள் விட்டிருக்கிறார். ஐந்தரைக்குப் பாடையில் ஒரு மூங்கில் கோணல் என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தெருமுனைக்குப் போய்ப் போய் எட்டிப் பார்த்திருக்கிறார். ஊரே அவரை ஏசியிருக்கிறது. ஆறு மணிக்கு, இருட்டிக்கொண்டு வரும்போது, "தூக்குங்கப்பா" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"இதையெல்லாம் நான் திட்டும்போது சொல்ல வேண்டியதுதானே" என்றேன். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது, வெட்கங்கெட்ட கோபம்.

"சொல்லவான்னு கேட்டேன். 'வேணாம்த்தா, அம்மா மூஞ்சியப் பார்க்காத பய, அவன் யாரையாவது வையட்டும்'னாக."

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. மறுநாள் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "சாப்பிட்டியா மாப்ளே" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.

நான் திரும்பும் நாளில் மதுரை வரைக்கும் காரில் அவரே வந்தார். வழியில் வடக்கே போகும் லாரிகளைப் பார்த்து, இது இன்ன ஊருக்கு, இத்தனை நாள் என்று எதுவும் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே விட்டுவிட்டார் போல. விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஏறிட்டு ஒரு போன் போடு" என்றார்.

இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் கூப்பிட்டேன்.

"ஏறிட்டேன் மாமா."

"ம். கதவைச் சாத்துறதப் பத்தி என்னமோ சொல்றாகளே, கேக்குது." பிறகு கேட்டார். "வீடு போய்ச் சேர எம்புட்டு நேரம் மாப்ளே?"

சொன்னேன். சென்னைக்கு எவ்வளவு, அங்கே உட்கார்ந்திருப்பது எவ்வளவு, துபாய்க்கு எவ்வளவு, அங்கே எவ்வளவு, டொராண்டோவுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பஸ்ஸில் போவது. ஒன்றையும் விடவில்லை. "இரு, இரு, எழுதிக்கிறேன்" என்று ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். முனகிக்கொண்டே கூட்டினார். முப்பத்தைந்து மணி நேரம் வந்தது.

விமானப் பணிப்பெண் பக்கத்தில் வந்து போனை அணைக்கச் சொன்னாள். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினேன்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாப்ளே" என்றார் மாமா. "ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிட்டு, சனிக்கிழமையே எடுத்திருப்பேனே."